அறுபத்து மூன்றாம் கம்பம்

செத்தவர்களின் பெயரைச் சொன்னால் பாதகமில்லை என்று எங்கள் மேஸ்திரி சாம் கூ சொல்லியிருந்தாள். செத்தவர்கள் இன்னொரு தரம் சாகப்போவதில்லை. அதனால் அன்று காலை கணக்கெழுதும் கிராணியின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற எழுபது பெண்களில் ஒருத்தியும் தன் பெயரைச் சொல்லவில்லை. ஒருத்தி மாமியாரின் பெயரைச் சொன்னாள். ஒருத்தி வெள்ளத்தில் போன அத்தையின் பெயரைச் சொன்னாள். எனக்கு முன்னால் நின்ற வான் நிங், ஊரில் குளத்தில் விழுந்து செத்த பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைக் கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்தவள் மாதிரி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

நான் மட்டும் உயிரோடு இருக்கிறவளின் பெயரைச் சொன்னேன். என் தங்கையின் பெயரை.

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு எதிரே, கடலில் மண்ணைக் கொட்டித் தூர்த்த இடத்தில், வெள்ளைக்காரன் புதிதாகச் சுங்க மாளிகை கட்ட ஆரம்பித்திருந்த சமயம் அது. மண்ணா அது? மேலே மணல், கீழே கஞ்சி. நாற்பதடிக் கம்பத்தை நிறுத்தி நீராவிச் சம்மட்டியால் தலையில் அறைவார்கள். அது நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். ஒரு கம்பம் முழுசாக உள்ளே போய், இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள்தான் கிராணி இயோ புதுப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாரும் பெயர் கொடுக்க வேண்டுமாம். ஆளுக்கு ஒரு எண் போட்ட தகர வில்லை தருவானாம். அது கழுத்தில் இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாதாம். மூன்று வருஷமாக நாங்கள் எத்தனையோ சர்க்கார் கட்டடத்துக்கு மண் சுமந்திருக்கிறோம். எங்கேயும் மாட்டை எண்ணுகிற மாதிரி தலையை எண்ணித்தான் உள்ளே விட்டார்கள். இப்போது திடீரென்று பெயர் எதற்கு?

எதற்கென்று எங்களுக்குத் தெரியும். சீனாவில் எங்கள் சாம்சுயி ஜில்லாவில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கம்பம் நிற்கவில்லையென்றால் ஓர் ஆளின் பெயரைத் தாளில் எழுதி, கம்பத்தின் தலையில் வைத்து ஆணி அடிப்பார்கள். சம்மட்டி விழ விழ, அந்தப் பெயருக்கு உரியவளின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் இறங்கும். கம்பம் நின்றுவிடும், ஆள் படுத்துவிடுவாள். நூறு நாள் கணக்கு. மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் அப்புறம் மீட்கவே முடியாது.

பெயர் கொடுத்ததற்கு முந்தின நாள்தான் ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. நாங்கள் குடியிருந்த தவ்ஃபூ தெரு முனையில் கடிதம் படிக்கிறவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். என் தங்கை பிக் ஹாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை மீன்குளம் வைத்திருக்கிறவன், முதல் பெண்டாட்டி செத்தவன். பிக் ஹா என்னிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் நான் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் அவள். "எனக்கு எவனும் வேணாம்க்கா, நீ முன்னாடி போ, நான் ரெண்டு மூணு வருஷத்துல வந்துடறேன்" என்று கோயில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்காக எங்கள் அறையில் ஒரு பலகை இடம் பிடித்து வைத்திருந்தேன். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு பலகை பிடிப்பது என்றால் எத்தனை பேரோடு சண்டை போட வேண்டும் தெரியுமா? ராத்திரி பூராவும் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே கிடந்தேன். வரிசையில் நிற்கும்போதும் திட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"பேரு?" என்றான் கிராணி.

எனக்குச் செத்தவர்கள் ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"என்னங்கடி இது, ஒவ்வொருத்தியும் இவ்வளவு யோசிக்கிறீங்க? சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

"இந்த வெயில்ல வந்து நில்லு. உனக்கும் மறக்கும்."

"வாயி மட்டும் மறக்காது. சொல்லு."

"லோ பிக் ஹா" என்றேன்.

அவன் எழுதினான். அறுபத்து மூன்று என்று பொறித்த வில்லையை எடுத்துப் போட்டான். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது, ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனாலும் அதைச் சொன்னபோது நாக்குத் தவறிச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அடுக்கி வைத்திருந்த கம்பங்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. எழுபது பேரும் கூடையைப் போட்டுவிட்டு நின்றோம். அவரவர் கை அவரவர் வில்லைக்குப் போனது.

"நான் சொன்னேன்ல, பேரு கேக்குறது இதுக்குத்தான்னு?" என்றாள் வான் நிங் மெதுவாக.

அறுபத்து மூன்றாம் கம்பத்தை மூன்றாவது வரிசையில், கடல் பக்கத்துக் கோடியில் நிறுத்தினார்கள். அன்று மத்தியானமே அறைய ஆரம்பித்தார்கள். நான் மண் கூடையோடு அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், அடி, நன்றாக அடி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நாள் இருந்தது. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. சம்மட்டி விழும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். அது நின்றாலும் திரும்பிப் பார்த்தேன், ஏன் நின்றது என்று. மற்ற கம்பங்கள் போல அது வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஒரே நாளில் இறுகிக்கொண்டது. கம்பக்காரன் ஹொய் தன் ஆட்களிடம், "பாத்தியா, இது நல்ல பொண்ணு, சொன்ன பேச்சு கேக்குது" என்று அதைத் தட்டிக்கொடுத்தான். அவன் கையை முறித்துப்போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

தினமும் காலையில் வாசலில் கிராணி பெயர் வாசிப்பான். "அறுபத்து மூணு, லோ பிக் ஹா!" நான் "இருக்கேன்" என்பேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே தினமும் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் வேலை முடிந்து தவ்ஃபூ தெருவுக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டுப் படியில் கப்பலில் வந்த அழுக்குத் துணியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க லோ லின் ஹோங்கிறது யாரு?"

"நான்தான். என்ன?"

"உன் தங்கச்சி பிக் ஹாவும் என் கப்பல்லதான் வந்தா. கல்யாணப் பல்லக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி, தன் தலைய தானே வாரிக் கொண்டை போட்டுக்கிட்டு, எவனும் வேணாம்னு சத்தியம் பண்ணிட்டு வீட்ட விட்டு ஓடியாந்துட்டா. கெட்டிக்காரி."

"எங்க அவ?"

"நோய்க்காரங்கள அடைச்சு வைக்கிற தீவுல வச்சிருக்காங்க. காய்ச்சல். கப்பல்லேருந்து எறக்கும்போது நடக்க முடியல, தூக்கிட்டுத்தான் போனாங்க."

"காய்ச்சல் என்னிக்கு வந்துச்சு?"

"என்னடி இது, போலீஸ்காரன் மாதிரி கேக்குற? ஹாங்காங் தாண்டி மூணாம் நாளோ என்னமோ."

விரல் விட்டு எண்ணினேன். இன்னொரு தரம் எண்ணினேன். கம்பத்தை அறைய ஆரம்பித்த அதே நாள்தான் வந்தது.

காலையில் வாசல் திறக்கும் முன்பே கிராணியின் மேசைக்குப் போய் நின்றேன்.

"கிராணி, அறுபத்து மூணுல இருக்கிறது என் பேரு இல்ல. அதை அழிச்சிடு. லோ லின் ஹோன்னு எழுதிக்க."

"அன்னிக்கு மறந்துபோச்சு, இன்னிக்கு ஞாபகம் வந்துடுச்சாக்கும்?"

"உன் கால்ல வேணா விழறேன்."

"விழுந்து என்ன ஆகும்? இதுல ஒரு எழுத்த அழிச்சா துரை என்னையே அழிச்சிடுவாரு. போ, போயி வேலையப் பாரு. இன்னிக்கு மூணாவது வரிசைக்குக் கான்கிரீட்."

ஹொய்யிடம் ஓடினேன். கம்பத்தின் தலையில் அடித்த தாளை எடுத்துக் கொடு என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தாளா? ஏன் தாயி, மரத்துக்கு நான் கடுதாசியா எழுதுறேன்? வரிசை மாறக்கூடாதுன்னு நம்பர் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

பெயரை ஆணி அடிக்கிறவன் அடித்தேன் என்று ஒப்புக்கொள்வானா? அவன் சிரித்த சிரிப்பிலேயே எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

மூன்றாவது வரிசையில் கம்பங்களின் தலையை ஒரே மட்டமாக அறுத்து, சுற்றிலும் பலகை அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். கலக்குகிற எந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அது ஓட ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. பாதியில் நின்றால் போட்டது இறுகிவிடும், அப்புறம் போடுவது அதோடு ஒட்டாது, அத்தனையையும் உடைத்து எடுக்க வேண்டும். எந்திரத்திலிருந்து குழி வரைக்கும் நாங்கள் வரிசையாக நின்று பாண்டுச் சட்டியைக் கை மாற்றி விடுவோம். என் இடம் வரிசையின் கடைசி. ஊற்றுகிற இடம். ஒவ்வொரு கம்பமாக மூடிக்கொண்டே வந்து, கடல் பக்கத்துக் கோடிக்கு நெருங்கிவிட்டோம்.

நான் சட்டியைக் கீழே வைத்தேன். பலகைக்குள் குதித்து, அறுபத்து மூன்றாம் கம்பத்தின் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

வரிசை நின்றது. எந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டிகள் கைகளில் கனத்தன. "என்னடி ஆச்சு அவளுக்கு?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மேட்டில் துரை திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

சாம் கூ ஓடி வந்தாள். எங்களையெல்லாம் வேலைக்குச் சேர்த்துவிட்ட மேஸ்திரி அவள்தான். ஐம்பது வயது. இப்போதும் எங்களில் யாரையும் விட அதிகம் சுமப்பாள்.

"எறங்குடி."

"மாட்டேன். இதுல பிக் ஹா இருக்கா."

"எந்தப் பிக் ஹா?"

"என் தங்கச்சி. அவ பேரைத்தான் குடுத்தேன்."

"அவ எப்பச் செத்தா?"

"சாகல."

வான் நிங் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, யார் என்று சொல்ல மாட்டேன், மண்ணில் காறித் துப்பினாள். சரிதான், துப்பட்டும் என்று நினைத்தேன். நானாக இருந்தாலும் துப்பியிருப்பேன்.

"கடிதம் வந்துச்சு, சாம் கூ. கல்யாணம்னு எழுதியிருந்தா. எனக்குக் கோவம். இப்ப அவ எனக்காக ஓடியாந்து தீவுல காய்ச்சலோட கிடக்கா. இதை மூடினா அவ போயிடுவா. இந்தக் கம்பத்தப் புடுங்கச் சொல்லு."

"நாப்பதடிக் கம்பத்த எவ புடுங்குவா? உங்கப்பனா வந்து புடுங்குவான்?" சாம் கூ என் கையை எட்டிப் பிடித்தாள். கிட்டே இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள். "நான் சொல்றதக் கேளு. தீவுலேருந்து ஒரு பொண்ண வெளிய விடணும்னா சொந்தக்காரி வந்து ரேகை வைக்கணும். வேலையில இருக்கிறவளா இருக்கணும். வில்லையக் காட்டச் சொல்லிக் கேப்பான். இன்னும் கொஞ்ச நேரம் நீ இப்படியே நின்னா துரை உன்ன வெளிய தள்ளிடுவான். அப்புறம் உன் கழுத்துல வில்லை ஏது? அந்தத் தீவுப் படகுத்துறையில சித்தி, மாமின்னு சொல்லிக்கிட்டு எவளெவ வந்து நிக்கிறான்னு உனக்குத் தெரியுமில்ல? அவங்க கூட்டிட்டுப் போற பொண்ணுங்க எந்தத் தெருவுக்குப் போறாங்கன்னும் தெரியுமில்ல?"

தெரியும்.

"அப்ப நீயே ஊத்து. இல்லேன்னா நான் வேற ஆளப் போட்டு ஊத்துவேன். உன்ன வெளிய அனுப்பிட்டு ஊத்துவேன்."

துரை மேட்டிலிருந்து இறங்கி வர ஆரம்பித்தார். கிராணி அவருக்கு முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தான்.

நான் இறங்கினேன். முதல் சட்டியை வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், கம்பத்தின் அறுத்த தலையைப் பார்த்தேன். வட்டமாக, ஈரமாக, வெளிறிப்போய் இருந்தது. தாள் இருந்ததா, ஆணி இருந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்போது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. ஊற்றினேன். அடுத்த சட்டி வந்தது. அதையும் ஊற்றினேன். என் கையால் அவளை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு சட்டிக்கும் எனக்குத் தெரிந்தது. சட்டிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் கையைக் கழுவும்போது நகத்தைச் சுற்றி ரத்தம் இருந்தது, எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகில் தீவுக்குப் போனேன். செத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், மொட்டை அடித்த தலையோடு ஒரு குச்சி மனுஷி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்தாள்.

"என்னக்கா, பேயப் பாத்த மாதிரி பாக்குற? முடி வளந்துடும். கொண்டை போட்டு ஒரு வாரம்தான், அதுக்குள்ள காய்ச்சல் வந்து எல்லாத்தையும் வழிச்சிட்டாங்க. எனக்கு வாய்ச்சது அவ்வளவுதான்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் தனக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைத் தேற்றினாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நூறு நாளில் இன்னும் எண்பத்து மூன்று நாள் பாக்கி இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு ரேகை வைத்து அவளைக் கூட்டி வந்தேன். வில்லையைக் காட்டினேன். எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அறைக்கு வந்ததும் தன் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். இரண்டு நாள் தின்பதும் தூங்குவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் சிவப்புத் துணி வாங்கிக் கஞ்சி போட்டு மடித்து, எங்களைப் போலவே தலையில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். ராத்திரியில் நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒரு தும்மல் தும்மினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

"நாளைக்கு உன்கூட வரேன். சாம் கூ சேத்துக்கிறேன்னு சொல்லிட்டா."

"அங்க வேணாம். வேற எடத்துல பாக்கலாம். ஆஸ்பத்திரி கட்டுறாங்க, அங்க போ."

"போக்கா! உன்கூட இருக்கத்தான வந்தேன்? ஆஸ்பத்திரியோட இருக்கவா வந்தேன்?"

எழுபது பேரிடமும் ஒவ்வொருத்தியாகப் போய்க் கெஞ்சி வைத்தேன், யாரும் சொல்லக்கூடாது என்று. துப்பினவள்கூடச் சரி என்று தலையாட்டினாள். கிராணியிடம் போய், என்னை எண்ணால் மட்டும் கூப்பிடு என்று கேட்டேன். வேண்டுமானால் மகாராணி என்று கூப்பிடுகிறேன் என்றான்.

மறுநாள் காலை வாசலில் அவளை எனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். பெயர் வாயிலிருந்து வந்து விழும் முன்பே கத்திவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அறுபது ஆனது. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.

"அறுபத்து மூணு! லோ பிக் ஹா!"

"இருக்கேன்!"

என் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து வந்துவிட்டது. உற்சாகமான குரல். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா! எனக்காக முன்னாடியே பேரு குடுத்து வச்சிட்டியா?"

நான் திரும்பவில்லை. எழுபது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். கிராணி மட்டும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு பிக் ஹாவா? யாருடி அது?" என்றான்.

தோளில் இருந்த கை மெதுவாக விலகியது. தீவில் இருந்தவர்களுக்கும் தெரியும். புதுக் கட்டடத்தில் பெயர் கேட்டால் சொந்தப் பெயரைச் சொல்லாதே என்றுதான் கப்பலிலிருந்து இறங்கும் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். அவள் சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். என் கழுத்தில் இருந்த வில்லையைப் பார்த்தாள்.

"எப்பக் குடுத்த?"

"கடிதம் வந்த மறுநாள்."

"அந்தக் கடிதத்த நான் எழுதச் சொல்லல. அப்பா எழுத வச்சாரு." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தீவுல எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பக்கத்துப் பாய்க்காரிதான் சொன்னா. காய்ச்சல்ல நாலு நாளும் லின் ஹோ, லின் ஹோன்னுதான் கத்தினேனாம். லின் ஹோ யாரு, உன் அம்மாவான்னு கேட்டா."

அவள் கையை நீட்டினாள்.

"குடு. அது என்னுது."

"வேணாம் பிக் ஹா. அதை நான் கடல்ல போட்டுடறேன். உனக்கு வேற..."

"என் பேரு, என் கம்பம். போன காய்ச்சல் போயிடுச்சு. இனிமே வந்தா நான் பாத்துக்கறேன். குடு."

கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு கிராணியின் மேசையைக் காட்டினாள்.

"போ. உன் பேரச் சொல்லு."

அன்று ஐந்தாவது வரிசைக்குப் புதுக் கம்பங்கள் வந்திறங்கியிருந்தன. ஹொய்யின் ஆட்கள் முதல் கம்பத்தை நிறுத்திச் சம்மட்டியைத் தூக்கிவிட்டார்கள். நான் மேசைக்கு நடந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"புதுசா? பேரு?" என்றான் கிராணி, என்னைப் பார்க்காமலே.

"லோ லின் ஹோ."

"சத்தமா" என்றாள் பிக் ஹா.

சம்மட்டி விழுந்தது. நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.